பொன் நிறக் கிரில்லை ஏன் தேய்க்கக் கூடாது: பழைய கார்களின் அலுமினிய அலங்காரமும் அதன் மேல்தோலும்

1957ஆம் ஆண்டு செவ்ரோலெ பெல் ஏர் காரில் பளபளக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உலோகம். பம்பர், குரோம் பூசிய இரும்பு. பக்கவாட்டில் ஓடும் பட்டைகள், நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகு. கதவுக் கைப்பிடி, துத்தநாக வார்ப்பின் மேல் குரோம். பின்பக்கம், வால் சிறகுக்குக் கீழே அந்த எவர்சில்வர் பட்டைகள் விரிந்து பிரியும் இடத்தில், நெருக்கமாகக் கோடு போட்ட வெள்ளி நிறத் தகடு ஒன்று பதிந்திருக்கும், அது அலுமினியம். முகப்பில் இருக்கும் பொன் நிற வலைக் கிரில்லும் அலுமினியம்தான். அதே வருடம் வந்த விலை குறைந்த ஒன்-ஃபிப்டி, டூ-டென் மாடல்களில் கிரில் வெள்ளி நிறம், கோட்டுத் தகடும் இல்லை. பொன்னும் தகடும் பெல் ஏருக்குக் கூடுதல் பணம் கொடுத்தவருக்கு மட்டும்.

இத்தனை உலோகங்களில் பழைய கார் வைத்திருப்பவரை அதிகம் ஏமாற்றுவது அலுமினியம். குரோம் உரிந்தால் உரிந்தது தெரியும், மறுபடி பூசக் கொடுக்கலாம். எவர்சில்வரை எவ்வளவு தேய்த்தாலும் அடியில் வருவது எவர்சில்வர். மங்கிய அலுமினியப் பட்டையைப் பத்து நிமிடத்தில் கண்ணாடியாக்கிக் காட்டும் வீடியோக்களுக்கும் இன்று பஞ்சமில்லை. அவற்றில் பல பொய்யும் இல்லை. அந்தப் பட்டை ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தது என்பதை மட்டும் அவை காட்டுவதில்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்துக் கார் அலுமினியத்தில் நம் கண்ணுக்குப் படுவது வெறும் உலோகம் அல்ல. அதன் மேல் தொழிற்சாலையில் வளர்த்துவிட்ட கண்ணாடி போன்ற ஓர் ஆக்சைடு தோல். பழுது பார்ப்பது என்பது அந்தத் தோலை வைத்துக்கொள்வதா, உரிப்பதா, உரித்தால் திரும்ப யார் போட்டுத் தருவார்கள் என்ற முடிவு. பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு அது.

அலுமினியம் காருக்கு வந்த கதை

அமெரிக்கக் கார்களில் அலுமினிய அலங்காரம் பெருகியது 1950களின் நடுவில். பின்னணியில் இரண்டு போர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காக அமெரிக்க அரசு கட்டிய அலுமினிய ஆலைகள், போர் முடிந்ததும் ரெனால்ட்ஸ், கைசர் நிறுவனங்களின் கைக்குப் போயின. அதுவரை அல்கோவா ஒன்றே ஆண்டுகொண்டிருந்த துறை அது. உருக்கும் திறன் பெருகிவிட்டது. வாங்க ஆள் வேண்டும். அடுத்து வந்தது கொரியப் போர். ஜெட் என்ஜின்களுக்கு நிக்கல் தேவைப்பட்டதால் மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். குரோம் பூச்சில் உண்மையில் இரும்பைக் காப்பாற்றுவது அடியிலிருக்கும் நிக்கல். மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரானைக்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எட்டாத மெல்லிய படலம். நிக்கல் குறைந்ததும் 1952 வாக்கில் வந்த கார்களின் குரோம் சீக்கிரமே துருப் புள்ளி போட்டது. நிக்கலே தேவைப்படாத ஒரு பளபளப்பு அப்போது கார் நிறுவனங்களுக்கு இனித்ததில் வியப்பில்லை. 1956இல் பிளிமத் ஃப்யூரி பொன் நிற அலுமினியப் பட்டையைப் பக்கவாட்டில் சூடிக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் பெல் ஏர்.

தோலை வளர்க்கும் நுட்பம் அதற்கும் முந்தையது. 1923இல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் கடல் விமானங்களின் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பாகங்கள் உப்பு நீரில் அரிக்காமலிருக்க, குரோமிக் அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி அவற்றின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்தார்கள். 1927இல் கோவர், ஓ'பிரையன் இருவரும் அதையே கந்தக அமிலத்தில் செய்து காப்புரிமை பெற்றார்கள். இப்படி மின்சாரத்தால் தோல் வளர்ப்பதற்குப் பெயர் அனோடைசிங். இன்றைக்கும் அது பெரும்பாலும் இந்தக் கந்தக அமில முறைதான்.

தோலின் உள்ளமைப்பு

அலுமினியம் காற்றில் பட்டதுமே தானாக ஓர் ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும். அது 2 முதல் 4 நானோமீட்டர் தடிமன். அனோடைசிங்கில் பாகத்தை நேர்மின் முனையாக்கி, ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் கந்தக அமிலமுள்ள தொட்டியில், 20 டிகிரி அளவு வெப்பத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். கார் வெளிப்புற அலங்காரத்துக்கு வேண்டிய தடிமன் சுமார் 8 மைக்ரான். இயற்கைப் படலத்தைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். இது மேலே பூசிய பூச்சு அல்ல. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உலோகத்தைத் தின்று உள்நோக்கியும், ஒரு பங்கு வெளிநோக்கியும் வளர்வது. ஆகவே பெயின்ட் போல உரிந்து விழாது. ஆனால் எடுத்துவிட்டால் உலோகமும் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும்.

புதிதாக வளர்ந்த தோலில் நானோமீட்டர் கணக்கில் துளைகள் நெருங்கி நிற்கும். சாயம் இறங்குவது அந்தத் துளைகளில்தான். சாயம் ஏறியபின் கொதிநிலைக்கு அருகிலுள்ள சுத்தமான நீரில் வைத்தால் ஆக்சைடு நீரை ஏற்று வீங்கி, துளையின் வாயை அடைத்துக்கொள்ளும். சீல் செய்வது என்று பட்டறையில் சொல்வது இதை. பெல் ஏர் கிரில்லின் பொன் நிறம் முழுவதும் இந்த 8 மைக்ரானுக்குள் அடங்கியிருக்கிறது. அடியில் இருப்பது வெள்ளை அலுமினியம். தேய்க்கத் தேய்க்கப் பொன் கூடாது, தீரும்.

அந்த ஆக்சைடு கடினமானது. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பல சமயம் அலுமினியம் ஆக்சைடுதான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். சாதாரண உலோகப் பாலிஷும் துணியும் கொண்டு தேய்ப்பவர் ஒரு மணி நேரம் தேய்த்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று அலுத்துப்போவது இதனால். விடாமல் தேய்த்தால் முனைகளிலும் மேடுகளிலும் மட்டும் தோல் கிழியும். அங்கே உலோகம் பளிச்சிடும், பள்ளத்தில் பழைய மங்கல் அப்படியே நிற்கும். திட்டுத் திட்டான அந்தக் கோலம் எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் இருப்பதைவிட மோசம்.

வெயிலும் மழையும் மட்டும் கெடுப்பதில்லை

இட்லிப் பானையின் அடித் தண்ணீரில் துளி புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுவது நம் வீடுகளில் வழக்கம். போடாவிட்டால் அலுமினியப் பானை உள்ளே கறுக்கும். கடின நீர் கொதிக்கும்போது காரத்தன்மை ஏறுகிறது, அலுமினியத்தின் படலம் காரத்தைத் தாங்காது. புளி அதைச் சமன் செய்கிறது. காரின் பட்டைக்கும் இதே வேதியியல்தான். பிஎச் 4க்கும் 8.5க்கும் இடைப்பட்ட சூழலில் ஆக்சைடு சும்மா இருக்கும். அதற்குக் கீழே அமிலமும் மேலே காரமும் அதைக் கரைக்கும். கரி எண்ணெய்ப் பிசுக்கை ஒரே துடைப்பில் எடுக்கும் காரக் கரைசல்கள், சில தானியங்கிக் கார் கழுவுமிடங்களின் நுரை, ஈரச் சிமென்ட் தெறிப்பு எல்லாம் காரம். இவை பட்ட அனோடைஸ்டு பட்டை முதலில் பால் படிந்ததுபோல வெளுக்கும். இது பழங்கார்களின் நோய் மட்டுமல்ல. ஜெர்மன் கார்களின் ஜன்னல் பட்டைகளும் கூரை மேல் நீளவாக்கில் ஓடும் கம்பிகளும் இதே போல வெளுத்ததால், காரத்தைத் தாங்கும் புதுவகை அனோடைசிங்கை அங்கே உருவாக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது எதிரி உப்பு. அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் கொட்டுவது. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே வருவது. குளோரைடு அயனி தோலில் ஒரு சிறு குறையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தால், குழிக்குள் கரையும் அலுமினியம் நீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் குழியை மேலும் ஆழப்படுத்தும். வெளியே தெரிவது வெள்ளைப் பொடியின் சிறு மொட்டு மட்டுமே. துடைத்தால் அடியில் கரும்புள்ளி. குழி, தோலின் பிரச்சினை அல்ல, உலோகத்தின் பிரச்சினை. இந்த வித்தியாசம் பின்னால் வேலை எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது, கண்ணுக்கு மறைந்தது. பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்பும் திருகும் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு நீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது அலுமினியம். முன்பக்கம் புதிதாகத் தெரியும் பட்டையைக் கழற்றினால் கிளிப் இருந்த இடங்களில் தகடு கந்தலாகியிருப்பது அதனால்தான்.

முதலில் மல்டிமீட்டர்

என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் தோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், ஆக்சைடு கடத்தாது. மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் கீறாமல் மெல்லத் தொட்டால், ஒலி வராத இடத்தில் தோல் இருக்கிறது, வரும் இடத்தில் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் ஒரு பட்டையின் வரைபடமே கிடைத்துவிடும். முன்பே யாராவது உரித்துப் பாலிஷ் செய்துவிட்ட பட்டையா என்பதும் இதில் தெரிந்துவிடும். பழைய கார் வாங்கும்போதே பையில் வைத்துக்கொள்ள வேண்டிய கருவி என்பேன்.

தோல் பெரும்பாலும் இருக்கிறது, மங்கல் மட்டுமே என்றால் என் கட்சி, கை வைக்காதே என்பது. நடுநிலையான கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ், நிறையத் தண்ணீர். பாதி மங்கல் பல வருட மெழுகும் அழுக்கும் கலந்த படிவாகவே இருக்கும், அது போய்விடும். மிச்சத்துக்குப் பெயின்ட் மேல் போடும் மிக மென்மையான பாலிஷைக் கையால் போட்டு, பிறகு மெழுகு. இரும்பு நார் மட்டும் கூடாது. அதன் துணுக்குகள் மேற்பரப்பில் பதிந்து தங்கித் துருப்பிடிக்கும். சக்கரத்துக்கென்று விற்கும் சில அலுமினியக் கிளீனர்களில் ஃபுளோரைடு சேர்ந்த அமிலங்கள் உண்டு. அவை தோலையும் கெடுக்கும், கைத் தோலையும் கெடுக்கும்.

உரிப்பது என்று முடிவு செய்தால்

குழி விழுந்திருந்தால், நெளிந்திருந்தால், பாதித் தோல் போய்விட்டிருந்தால் உரித்தே ஆக வேண்டும். காஸ்டிக் சோடா கரைசல்தான் எல்லோரும் எடுப்பது. வெளிநாடுகளில் அடுப்புப் பிசுக்கை எடுக்கும் ஸ்ப்ரேயைப் பட்டையில் அடிப்பதும் இதற்காகவே. அதன் சரக்கும் காஸ்டிக்தான். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், தோல் மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும். திடீரென்று நுரைத்துக் குமிழ் விடத் தொடங்கினால் தோல் முடிந்து உலோகத்தைக் காரம் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்தக் குமிழ் ஹைட்ரஜன். அப்போதே எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். நேரக் கணக்கு பார்ப்பதைவிடக் குமிழைப் பார்ப்பதே சரி, ஏனென்றால் தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. திறந்த வெளியில், நெருப்புக்குத் தள்ளி. காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கழுவியபின் பட்டை கறுத்துச் சாம்பல் பூத்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். உலோகக் கலவையிலிருந்த மக்னீசியம் போன்றவை காரத்தில் கரையாமல் மேலே நிற்கின்றன. அனோடைசிங் பட்டறைகளில் இதை நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுப்பார்கள்.

அடுத்தது நெளிசல். கார் அலங்காரத்துக்கு எடுத்த அலுமினியம் மிகத் தூய்மையான ரகம். 5657 என்ற கலவையில் மக்னீசியம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 5252இல் 2.5 சதவீதம் அளவு. பளபளப்புக்காக இரும்பையும் சிலிக்கனையும் மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். இந்த ரகங்கள் அடிக்க அடிக்க இறுகுபவை. எனவே ஆழமான நெளிசலைத் தட்டி எடுக்கும் முன் இளக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஏறக்குறைய 345 டிகிரி. உருகுநிலை 660க்குக் கீழே. ஆனால் அலுமினியம் இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது, நிறம் மாறாமலே உருகி விழும். பழைய டிங்கர்கள் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சுடர் காட்டுவார்கள். சோப்பு கரும்பழுப்பானால் போதும், சுடரை எடுத்துவிட வேண்டும். பிறகு பின்பக்கத்திலிருந்து மரத்தின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டல். ஓங்கி நாலு அடியைவிட மெல்ல நாற்பது தட்டு நல்லது.

கிழிசலையோ துளையையோ வெல்டிங் செய்து அடைத்தால் ஒரு பொறி இருக்கிறது. பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 4043 கம்பியில் 5 சதவீதம் சிலிக்கன். பாலிஷ் செய்யும்போது வித்தியாசமே தெரியாது. அனோடைஸ் செய்து எடுத்ததும் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் கருஞ்சாம்பலாக எழுந்து நிற்கும். மக்னீசியம் சேர்ந்த 5356 கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும். வெல்டிங் செய்பவரிடம் இதை முன்பே சொல்லாவிட்டால் எல்லாம் முடிந்தபின் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உப்புத்தாள் வேலை பொறுமை சார்ந்தது. 400ஆம் நம்பர் தாளில் தொடங்கி 600, 800, 1000, 1500 என்று தண்ணீரோடு ஏறுவது. குழியின் அடி வரை மொத்தப் பரப்பையும் இறக்கினால்தான் குழி மறையும். அந்த அளவுக்குத் தகட்டில் சதை இல்லையென்றால் சில குழிகளோடு வாழ்வதே மேல். பிறகு பஃபிங், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது, முதலில் கரடான சக்கரத்தில் பழுப்பு மெழுகு, பிறகு தளர்ந்த பருத்திச் சக்கரத்தில் வெள்ளை மெழுகு. நீளப் பட்டைகளைச் சுழலும் சக்கரத்தில் காட்டுவது இந்த வேலையிலேயே ஆபத்தானது. நுனி சிக்கினால் பட்டை சக்கரத்தைச் சுற்றி ஆளை அடிக்கும். பட்டையை ஒரு மரச் சட்டத்தில் இறுக்கிவிட்டு, நுனியிலிருந்து விலகும் திசையில் சக்கரம் ஓடும்படி பிடிக்க வேண்டும். இரும்பு தீட்டும் கிரைண்டரில் அலுமினியத்தைத் தீட்டவும் கூடாது. அலுமினியத் தூசியும் துருத் தூசியும் கலந்த இடத்தில் ஒரு பொறி பட்டால் கடும் வெப்பத்தோடு தீப்பிடிக்கும்.

பெல் ஏரின் கோட்டுத் தகட்டுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அந்தக் கோடுகளின் விளிம்புக் கூர்மைதான் அதன் அழகு. பஃபிங் சக்கரம் நாலு முறை ஓடினால் கோடுகளின் தலை மழுங்கி, வெளிச்சத்தில் அந்த மினுமினுப்பு போய்விடும். வலைக் கிரில்லிலும் சக்கரம் போகாத மூலைகளே அதிகம்.

மூன்று வழிகள்

உரித்துப் பளபளப்பாக்கிய அலுமினியம் இப்போது நிர்வாணமாக நிற்கிறது. தானாக வளர்ந்த சில நானோமீட்டர் படலம்தான் துணை. அப்படியே விட்டு மெழுகு போடுவது ஒரு வழி. ஷெட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு அது போதும். சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க மனமிருக்க வேண்டும். கடலோர ஊரில் மழைக்காலத்தைத் தாண்டாது.

கிளியர் கோட் என்ற நிறமற்ற பெயின்ட் அடிப்பது இரண்டாவது வழி. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கண்ணாடி போல் வழவழப்பான உலோகத்தைப் பெயின்ட் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு கல் தெறித்து ஓர் ஓட்டை விழுந்தால் அதன் வழியே ஈரமும் உப்பும் புகுந்து, பூச்சுக்கு அடியில் நூல் நூலாக அரிப்பு ஓடும். அதைச் சரிசெய்ய முழுப் பூச்சையும் எடுத்து ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

மறுபடி அனோடைஸ் செய்வதுதான் தொழிற்சாலை செய்ததைத் திரும்பச் செய்வது. அது எதையும் மூடி மறைக்காது. பாலிஷில் விட்ட கீறல், துடைக்காமல் விட்ட பஃபிங் மெழுகு எல்லாம் தோலுக்குக் கீழே நிரந்தரமாகிவிடும். அந்தக் காலத் தொழிற்சாலைகள் அனோடைசிங்குக்கு முன்னால் சூடான பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலக் கலவையில் முக்கிப் பளபளப்பைக் கூட்டின. கோட்டுத் தகடு போன்ற நுண்ணிய வடிவங்களுக்குச் சக்கரத்தைவிட இதுவே ஏற்றது. ஆனால் அதிலிருந்து பழுப்பு நிற நச்சுப் புகை எழும். அதைச் சமாளிக்கும் ஏற்பாடு எல்லாப் பட்டறையிலும் இருக்காது. ஜன்னல் சட்டம் அனோடைஸ் செய்யும் இடத்தில் கொடுத்தால் தோல் வரும். மெருகு பழைய அளவுக்கு வராமல் போகலாம். கொடுக்கும்போதே கேட்க வேண்டியவை மூன்று: மெருகூட்டும் தொட்டி உண்டா, 8 மைக்ரானாவது வருமா, மின் இணைப்புக்குக் கவ்விப் பிடிக்கும் தழும்பு எந்த விளிம்பில் விழும். பொன் நிறம் வேண்டுமென்றால் வெயிலில் வெளிறாத சாயமா என்று நாலாவதாகக் கேட்கலாம். ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட் என்ற இரும்பு உப்பிலிருந்து வரும் பொன் நிறம் வெயிலுக்கு நன்றாக நிற்கும்.

பெல் ஏர் வைத்திருப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு. அந்த மாடலை நேசிப்பவர்கள் அதிகம் என்பதால் கிரில்லும் கோட்டுத் தகடும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குழி விழுந்த பழைய கிரில்லை மீட்கும் செலவில் பாதிக்குப் புதியது கிடைத்தால், புதியதை வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை. புதியது பொருந்தாத சண்டைக்கும் தயாராக இருக்க வேண்டும். விளிம்பு சில மில்லிமீட்டர் தள்ளி நிற்பது இந்த வியாபாரத்தில் சகஜம். அவ்வளவு கொண்டாடப்படாத காரின் சொந்தக்காரருக்கு இந்த வழியே கிடையாது. அவருக்குக் கையிலிருக்கும் பட்டைதான் கடைசிப் பட்டை. உரிப்பதைக் கடைசி வரை தள்ளிப்போடுவது அவருக்கு நல்லது.

திரும்ப மாட்டும்போது பழைய இரும்புக் கிளிப்பை அப்படியே போடக் கூடாது. நைலான் கிளிப் பொருந்தினால் அது. இல்லையென்றால் பூச்சு போட்ட கிளிப், இரும்பும் அலுமினியமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் வாஷரோ ரப்பரோ, பட்டையின் உள்பக்கம் கொஞ்சம் மெழுகு. பட்டைக்கு அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த துளைகளைப் பெயின்ட் அடித்தவர் அடைத்துவிட்டாரா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டால், கிளிப் இருக்கும் இடம் மறுபடி கந்தலாக வெகுகாலம் ஆகும்.